பண்டைக் கிரேக்க விருந்து ஓவியத்தைப் படிப்பது எப்படி?

தென் இத்தாலியில், கிரேக்கர் குடியேறி வாழ்ந்த பேஸ்டம் நகரின் அருகே, 1968-இல் மாரியோ நாப்போலி என்ற தொல்லியலாளர் கண்டெடுத்த சிறு கல்லறையில், ஐந்து பலகைக்கற்களின் உட்புறங்களிலும் ஓவியங்கள் இருந்தன. அவை பொ.ஆ.மு. 480–470 அளவில் தீட்டப்பட்டவை. பக்கக் கற்கள் நான்கில் ஆண்கள் கூடி மது அருந்தும் விருந்தும், மூடுகல்லில் நீரை நோக்கிப் பாயும் இளைஞனும் காணப்படுகின்றனர்.

படி 1: விளக்கக் குறிப்பைப் படிக்கும் முன், தெளிவான படமொன்றை அச்செடுத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் கோடுகளை வரையுங்கள். கைபேசித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். கை மெதுவாக நகரும்போதுதான் கண்ணும் நின்று பார்க்கிறது.

படி 2: முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். நான் தடுமாறிய இடம் இதுதான். வடக்குக் கல்லின் நடு மஞ்சத்தில் சாய்ந்திருப்பவன் கோப்பையை உயர்த்தியிருப்பதைக் கண்டு, அவன் மேலும் மது கேட்கிறான் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். வரைந்தபோதுதான் கோப்பையின் கைப்பிடிக்குள் அவன் விரல் நுழைந்திருப்பதைக் கவனித்தேன். அது கொட்டபோஸ் என்னும் விளையாட்டு: கோப்பையின் அடியில் எஞ்சிய மதுவை, காதலுக்குரியவரின் பெயரைச் சொல்லி, ஓர் இலக்கை நோக்கிச் சுண்டி எறிவார்கள். அந்த விரலைத் தவறவிட்டால், விளையாட்டு வெறும் குடியாகத் தெரியும்.

படி 3: யார் சாய்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மதுவும் நீரும் கலக்கும் சாடியருகே சிறுவன் நிற்கிறான்; எதிர்க்கல்லில் சிறுமி ஒருத்தி இரட்டைக்குழல் ஊதி முன்செல்கிறாள். (பின்சேர்க்கை: மனைவியர் எங்கே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குடிமக்களின் மனைவியர் இத்தகைய விருந்துகளில் கலந்துகொள்வதில்லை; அங்கு வந்த பெண்கள் இசைக்கவும் மகிழ்விக்கவும் அமர்த்தப்பட்டவர்கள்.)

படி 4: ஓவியம் இருந்த இடத்தை மனத்தில் கட்டியெழுப்புங்கள். நான்கு படங்களையும் பெட்டியின் சுவர்களாக நிறுத்தினால், இறந்தவரே விருந்தின் நடுவில் படுத்திருப்பது புலப்படும். மூடிய பின் இவற்றைக் காண உயிருள்ளவர் எவருமில்லை. பாயும் இளைஞனை மறுமைக்குச் செல்லும் உயிர் என்று பலரும், இளமை விளையாட்டின் காட்சி என்று வேறு சிலரும் கொள்கின்றனர். சுவர்களைப் படித்து முடிக்காமல் இதில் முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 5: உடன் கிடைத்த பொருட்களையும் பாருங்கள். இக்கல்லறையில் ஆமை ஓடு ஒன்று கிடைத்தது. கிரேக்க யாழின் ஒலிப்பெட்டி ஆமையோட்டால் ஆனது. விருந்தினர் கையில் நீங்கள் வரைந்த யாழை, இப்போது மீண்டும் பாருங்கள்.