பரோட்டா கடை எண்ணெயிலிருந்து பம்புசெட்டுக்கு டீசல்: தொடங்குபவர்களுக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை வரை சாலையோரத்தில் பரோட்டா கடைக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கும் குறைவில்லை. பொரித்துக் கறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே வரம்பு வைத்துவிட்டது. அந்த எண்ணெயிலிருந்து எங்கள் தோட்டத்துப் பழைய டீசல் பம்புசெட்டுக்கு எரிபொருள் தயாரிக்கும் முறையை எழுதுகிறேன்.

முதலில் மெத்தனால். எண்ணெயோடு வினைபுரிந்து அதை எரிபொருளாக மாற்றும் ஆல்கஹால் இது; காஸ்டிக் சோடா அந்த வினையைத் தூண்டும். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு விதிகள் அப்படி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் இறந்த பிறகு யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கேனில் ஊற்றிச் சோதனைச்சாவடியைக் கடந்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். உரிமம் உள்ள கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து, அவர்கள் இடத்திலேயே கலப்பதுதான் சரி. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டி, 110 டிகிரி வரை சூடாக்கி நீரை விரட்டுங்கள். சூடான வாணலியில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று வெடிக்கக் கூடாது. நீர் தங்கினால் டீசலுக்குப் பதில் சோப்பு கிடைக்கும்.

இனி வருவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். எண்ணெய் எவ்வளவு புளித்திருக்கிறது, அதாவது அதில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று அளக்காமல் காஸ்டிக் சோடா போடக் கூடாது. "லிட்டருக்கு இத்தனை கிராம்" என்று யாராவது ஒரே கணக்கு சொன்னால் நம்பாதீர்கள். காலையில் ஊற்றிய வடைச்சட்டி எண்ணெயும் வாரக்கணக்கில் கொதித்த எண்ணெயும் ஒன்றாகுமா?

1 கிராம் காஸ்டிக் சோடாவை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். சின்னக் கண்ணாடிக் குவளையில் 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சில சொட்டு பினாப்தலீனும் விடுங்கள்; காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி இது. அது கிடைக்காவிட்டால் மஞ்சள்தூளைக் கரைத்த ஆல்கஹாலும் உதவும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். ஆனால் கறுத்த எண்ணெயில் மஞ்சளின் நிறமாற்றம் தெளிவாகத் தெரியாது. என் ஓட்டு பினாப்தலீனுக்கே.

எண்ணெய் விடுவதற்கு முன் ஆல்கஹாலுக்கு மட்டும் அந்தக் காஸ்டிக் சோடா நீரைச் சொட்டி, லேசாக நிறம் வரும் வரை கொண்டுவாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருந்தால் அந்தப் பழி எண்ணெய் மேல் விழும். பிறகு 1 மி.லி. எண்ணெய் கலந்து, சோடா நீரைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். நிறம் பத்து நொடிக்கு மேல் நிலைத்தால் நிறுத்துங்கள். 2 மி.லி. செலவானால் அதை 2 கிராம் என்று வைத்து, புதிய எண்ணெய்க்கே வேண்டிய 3.5 கிராமைக் கூட்டி, லிட்டர் எண்ணெய்க்கு 5.5 கிராம் காஸ்டிக் சோடா. 20 லிட்டருக்கு 110 கிராம். செலவு 6 மி.லி.க்கு மேல் போனால் அந்த எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எடை பார்க்க நகைத் தராசு போதும். காஸ்டிக் சோடா டப்பாவை உடனே மூடுங்கள். நம் பக்கத்து மழைக்காலத்தில் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கூடுதல் எடை காட்டும்.

எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனாலை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கேனில் எடுத்து, சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். கேன் சூடாகும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது: சோடா அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி; அருகில் அடுப்போ பீடியோ கூடாது. மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது.

எண்ணெயை 55 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அப்புறப்படுத்திய பிறகே இந்தக் கலவையை ஊற்றுங்கள். மெத்தனால் 65 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். மூடிய கலனில் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க விடுங்கள். அடியில் கரும்பழுப்பாகக் கிளிசரின் படியும். அதை வடித்தெடுங்கள், கிணற்றுப் பக்கம் கொட்டாதீர்கள், அதில் மெத்தனால் இருக்கும்.

3 மி.லி. எரிபொருளை 27 மி.லி. மெத்தனாலில் கலந்து பாருங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை. தெளிவாக இருந்தால் தண்ணீரைப் பூவாளியால் மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். குலுக்கினால் மோர் போல் திரிந்து, பிரியவே பிரியாது. பிறகு கண்ணாடி போல் தெளியும் வரை உலர்த்துங்கள்.

முதலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சாதா டீசலில் கலந்து ஓட்டுங்கள். இது தொட்டியில் காலங்காலமாகப் படிந்த கசடைக் கரைத்து பில்டரில் அடைக்கும். மாற்று பில்டர் கையில் இருக்கட்டும். இயற்கை ரப்பர் குழாய்கள் ஊதிவிடும். புதிய காருக்கு ஊற்றிவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

பின்சேர்க்கை: சித்தூர், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து சிலர், சிப்ஸ் கடைத் தேங்காய் எண்ணெயில் அதே அளவு மெத்தனால் ஊற்றியும் 3க்கு 27 சோதனையில் தோற்கிறது என்று எழுதியிருந்தார்கள். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் பாமாயிலுடையதை விடச் சிறியவை. அதனால் ஒரு லிட்டரில் எண்ணிக்கை அதிகம், மெத்தனாலும் அதிகம் கேட்கும். கால் பங்கு ஊற்றுங்கள். சோடா கணக்கு மாறாது. எண்ணெய் உறைந்திருந்தால் உருக்கி, நன்றாகக் கலக்கிய பிறகு மாதிரி எடுங்கள். மேலே உருகிய பகுதியை மட்டும் அளந்தால் கணக்கு தப்பும்.