பில்லில் நாமே போட்டுக்கொள்ளும் முட்டுக்கட்டைகள்
வயரிங், பைப், ஏர்கோன் என்று கோலாலம்பூரில் தனியாகக் குத்தகை எடுப்பவர்கள் பலர் வேலையில் கெட்டி, பில் என்று வந்தால் மட்டும் வாட்ஸ்அப்பில் "அண்ணே, மொத்தம் 1,850 வெள்ளி" என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பணம் போடப்போகும் கணக்குப் பிரிவு ஆள் உங்கள் வேலையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அந்தத் தாள்தான் எல்லாம்.

முதலில் பெயர். செந்தூல் பக்கம் ஒரு கொண்டோவில் பம்ப் மாற்றுகிறீர்கள். கூப்பிட்டது மேனேஜர், பணம் தருவது அங்குள்ள வீட்டு உரிமையாளர்களின் கூட்டு நிர்வாக அமைப்பு. மேனேஜர் பெயருக்குப் போட்ட பில் திரும்பித்தான் வரும். நம் பக்கமும் பாருங்கள்: மேலே நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்த வியாபாரப் பெயர், கீழே மனைவியின் வங்கிக் கணக்கு. எந்தக் கிளார்க் துணிந்து பணம் போடுவார்?

அதிகத் தகராறு "ரிப்பேர் வேலை" என்ற ஒற்றை வரியால்தான். எந்த மாடி, எதைக் கழற்றினீர்கள், எதைப் பொருத்தினீர்கள், என்று செய்தீர்கள், பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதினால் பேரம் பேசவே இடமிருக்காது. கொட்டேஷனில் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னார்களா? கைவைக்கும் முன்பே விலையைச் சொல்லி மெசேஜில் "சரி" வாங்குங்கள், பில்லில் அதைத் தனி வரியாகப் போடுங்கள். வாங்கிய டிபோசிட்டைக் கழித்துக் காட்ட மறப்பவர்களும் உண்டு, அது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரியைச் சேர்ப்பது ஆபத்து. 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு வரி உண்டுதான், ஆனால் 12 மாத வரவு 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சுங்கத்துறையில் பதியாதவர் வசூலிக்கவே கூடாது.

பில் எண் வரிசையாக வரட்டும், கெடு தேதி இருக்கட்டும், நகலை 7 ஆண்டு வைத்திருங்கள், வருமான வரிக்காரர்கள் கேட்பார்கள்.

"எனக்கு மேலிடத்திலிருந்து பணம் வந்ததும் தருகிறேன்" என்கிறாரா மெயின் குத்தகையாளர்? கட்டுமான வேலைகளில் அப்படி நிபந்தனை போட்டாலும் செல்லாது என்கிறது சிபா (CIPAA) என்ற 2012ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணப் பட்டுவாடாச் சட்டம். ஆனால் அது எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு மட்டும்தான், அதனால் கையெழுத்தான கொட்டேஷனையும் பில்லோடு சேர்த்தே அனுப்புங்கள்.