வெட்ட வெட்டப் பெரிதாகும் காகித மாலை: வகுப்பில் செய்ய ஒரு மேஜிக்

பழைய நாளிதழ், பசை, கத்தரிக்கோல் இருந்தால் போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பீரியட் முழுக்க வாயைப் பிளக்க வைக்கலாம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று காகித வளையங்களை நீளவாக்கில் நடுவே வெட்டுகிறோம். ஒன்று இரண்டாகப் பிரியும், இன்னொன்று பிரியாமல் இருமடங்கு பெரிதாகும், மூன்றாவது இரண்டாகி ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்.

நாளிதழின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து, நீளமாக, 6 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். நீளம் முக்கியம், குட்டையாக இருந்தால் முறுக்கு காட்டிக்கொடுத்துவிடும். சார்ட் பேப்பர் வேண்டாம், விறைப்பாக நிற்கும். ஒட்டுவதற்கு முன்பே ஸ்கேல் வைத்து நடுக்கோடு போட்டுவிடுங்கள். ஸ்டேப்ளர் அடித்தால் கத்தரிக்கோல் பின்னில் மாட்டும், அதனால் பசைதான்.

அடுத்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒரே பக்கத்தில், இரண்டு முனையிலும் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். முதல் பட்டையை வளையல் போல அப்படியே ஒட்டலாம். இரண்டாவதில் ஒரு முனையை அரைச் சுற்று திருப்பி ஒட்ட வேண்டும், மூன்றாவதில் முழுச் சுற்று. பிள்ளைகள் தடுமாறுவது இரண்டாவதில்தான், திருப்புவார்கள், ஆனால் பசை தடவி ஒட்டப் போகும் நேரத்தில் கை தன்னால் பழையபடி நேராக்கிவிடும். குறிமேல் குறி முகத்தோடு முகம் ஒட்டியிருந்தால் சரி. மற்ற இரண்டிலும் ஒரு குறி பசைக்கு அடியில் போய்விடும், மற்றது வெளியே தெரியும்.

பசை காயட்டும். மதுரை வெயிலுக்கு ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரமே காய்ந்துவிடும்.

சும்மா வெட்டிக் காட்டினால் பாதி சுவைதான், கதை வேண்டும். நம்ம ஊருக்கு மீனாட்சி கல்யாணத்தை விட்டால் வேறென்ன? முதல் வளையத்தை வெட்டி, பொண்ணுக்கு ஒரு மாலை, மாப்பிள்ளைக்கு ஒரு மாலை என்று இரண்டையும் தூக்கிக் காட்டுங்கள். இரண்டாவது யாருக்கு? கல்யாணச் சாப்பாட்டை அண்டா அண்டாவாகத் தின்று தீர்த்தானே குண்டோதரன், அவனுக்கு. வெட்டுவதற்கு முன் "எத்தனை மாலை வரும்?" என்று கேட்டால் வகுப்பே "ரெண்டு சார்!" என்று கத்தும். கேட்காமல் வெட்டிவிடாதீர்கள், மேஜிக்கே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வெட்டி முடித்து உதறினால் ஒரே மாலை, அவன் தொப்பைக்கு ஏற்ற அளவில். மூன்றாவதை வெட்டிவிட்டு, "தாலி கட்டியாச்சு, இனிமேல் பிரிக்க முடியாது" என்று கோத்த மாலைகளை இழுத்துக் காட்டுங்கள். கோயில் கதை வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள், முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுத்து. அரைச் சுற்று வளையத்தை வெட்டுமுன் கிரேயானால் கையெடுக்காமல் நடுவே கோடு இழுக்கட்டும், அது தாளின் இரண்டு பக்கமும் ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அந்த வளையத்துக்குப் பக்கம் ஒன்றுதான், ஓரமும் ஒன்றுதான், அதனால்தான் வெட்டினாலும் இரண்டாகாமல் நிற்கிறது. 1858-இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த இது, மோபியஸ் பட்டை என்ற பெயரில் கணிதத்தில் நிலைத்துவிட்டது. பாவம் லிஸ்டிங்.

நேரம் மிச்சமிருந்தால் அரைச் சுற்று வளையம் இன்னொன்று செய்து, நடுவில் வெட்டாமல் ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டச் சொல்லுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் வெட்டு தொடங்கிய இடத்தில் வந்து சேராது, கோடு தப்பிவிட்டது என்று பிள்ளைகள் பதறுவார்கள், விடாமல் அதே 2 செ.மீ. இடைவெளியில் இன்னொரு சுற்று போகட்டும். கடைசியில் ஒரு பெரிய வளையமும் அதில் கோத்த சின்ன வளையமும் கையில் இருக்கும். சின்னது இன்னமும் மோபியஸ் பட்டைதான், அதையும் நடுவே வெட்டலாம்.