மாங்கூழ் ஆலையில் காஸ்டிக் சோடா பட்டால் என்ன செய்வது?

கிருஷ்ணகிரி வட்டார மாங்கூழ் ஆலைகளில், பருவம் உச்சத்தில் இருக்கும் மே, ஜூன் மாதங்களில், குழாய்களையும் தொட்டிகளையும் கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடா என்னும் கடும் காரத்துக்குத்தான் (அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) தொழிலாளர்கள் அதிகம் அஞ்ச வேண்டும். அமிலம் பட்டவுடன் சுரீரென எரியும். காஸ்டிக்கோ முதலில் சோப்புத் தண்ணீரைப் போல வழுவழுப்பாக மட்டுமே தோன்றி, வலி தெரிவதற்குள் தோலை ஆழமாக அரித்துவிடும்.

பட்ட உடனே, நனைந்த சட்டையையும் பூட்ஸையும் கழற்றியபடியே, ஓடும் குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும்; கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் காரத்தை முறிக்க முயல்வது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், புண்ணைப் பெரிதாக்கும். பற்பசையும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். கழுவிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். கேனின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டினால் சிகிச்சை தாமதமாகாது.

கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் திரவத்தை அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கக் கூடாது. குளிர்பதன அறையில் அம்மோனியா கசிந்தால், காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக வெளியேற வேண்டும்.

காயம் சிறிதென்றாலும் விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியானாலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பலன் கோர அந்தப் பதிவு உதவும்.