எந்தக் கரையில் இருக்கிறோம்? காவிரிப் படுகையில் இருவர் சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய வழித் தவறுகள்

ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது எந்தக் கரையில் இருக்கிறது என்பதைக் குறிக்காமல் கிளம்புவதுதான் காவிரிப் படுகையில் சைக்கிள் பயணிகள் செய்யும் முதல் தவறு. தேவாரத் தலங்களையே வடகரையில் 63, தென்கரையில் 127 என்று கரை பிரித்து எண்ணிய மண் இது. பாலத்தைத் தவறவிட்டால், எதிரே கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குப் போக அடுத்த பாலம் வரை மிதிக்க வேண்டும். கொள்ளிடத்தில் அந்தத் தொலைவு இன்னும் அதிகம்.

நானும் என் கணவரும் டாண்டம் எனப்படும் இருவர் மிதிக்கும் சைக்கிளில் கல்லணையிலிருந்து பூம்புகாருக்குப் போனோம். அவர் முன்னிருக்கை, நான் பின்னிருக்கை. திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, ஓர் ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனோம். காவிரி என்றே நம்பியிருந்தோம். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர்தான் அது குடமுருட்டி என்றும், காவிரி அதற்கும் வடக்கே என்றும் சொன்னார். நாங்கள் தங்கவேண்டிய ஊர் இரண்டு ஆறுகளுக்கு அப்பால் இருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கல்லணையிலேயே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிந்துவிடுகிறது. பிறகும் கிளைகள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்தைக் கடக்கிறோம். ஆகவே ஒவ்வொரு பாலத்திலும் ஒரு நிமிடம் நின்று, ஆற்றின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் எங்களை அடுத்த நாள் முழுவதும் காப்பாற்றியது.

கைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அது வாய்க்கால் கரையையும் சாலையாகவே கணக்கிடும். தனியாக வருபவர் மதகின் மேலுள்ள நடைபாதையில் வண்டியைத் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்ந்துவிடலாம். நம்முடையதோ இரண்டரை மீட்டரை நெருங்கும் நீளம். மூட்டைகளோடு ஒடுங்கிய கரையில் திருப்பவே முடியாது, இறங்கிப் பின்னுக்குத்தான் தள்ள வேண்டும். பருவத்தையும் பாருங்கள். கோடையில் தூர்வாரிய மண் கரைமேல் குவிந்து கிடக்கும். கொள்ளிடத்து மணலில் கோடையில் தெரிகிற வண்டித்தடம், மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் இருக்காது. அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் மட்காப்புக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுழல மறுக்கும். அந்த மாதங்களில் சுற்றானாலும் தார்ச்சாலையே மேல். அறுவடைக் காலத்தில் அதிலும் பாதியில் நெல் காயும். அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு.

வழி கேட்கும் முறையிலும் தவறு நேர்கிறது. “இது கும்பகோணம் போகுமா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், எப்படியும் போகும். “கும்பகோணத்துக்கு எது வழி, நடுவில் எத்தனை பாலம்?” என்று கேளுங்கள். பதில் இடது, வலது என்று வராது, கிழக்கே, மேற்கே என்றே வரும். காலையிலேயே திசையை மனத்தில் நிறுத்திக்கொள்ளாதவர்களுக்கு உச்சி வெயிலில் சூரியன் உதவாது. ஆறு ஓடும் பக்கம் கிழக்கு என்ற கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது. நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமனியாறும் கோரையாறும் தெற்கு நோக்கி மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கம் போகின்றன.

பெயர்களும் ஏமாற்றும். பெரியவர்கள் மாயவரம் என்பார்கள், பலகையில் மயிலாடுதுறை என்றிருக்கும். திருக்காட்டுப்பள்ளி இரண்டு உண்டு: கல்லணைக்குக் கிழக்கே ஒன்று, திருவெண்காட்டுக்கு அருகே கீழைத் திருக்காட்டுப்பள்ளி. கைபேசியில் தேடும்போது பக்கத்து ஊரின் பெயரையும் சரிபாருங்கள்.

கடைசியாக, இருவரும் வழி பார்ப்பது. இரண்டு கைபேசியில் இரண்டு வழி ஓடினால் முச்சந்தியில் வண்டி தடுமாறும். முன்னிருப்பவருக்குச் சாலையும் பிரேக்குமே போதுமான வேலை. பின்னிருப்பவருக்குக் கைப்பிடியைத் திருப்பும் பொறுப்பு இல்லை என்பதால் வரைபடம் அவரிடமே இருக்கட்டும். ஆனால் அவர் கண்முன் தெரிவது முன்னிருப்பவரின் முதுகு. திருப்பம் கண்ணில் பட்ட பிறகு சொன்னால், கனமான வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். நான் முதல் நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளிலிருந்து அரைக் கிலோமீட்டர் முன்பே ஒரு முறை, நூறு மீட்டரில் மறுமுறை சொன்னேன்: “என்னங்க, அடுத்த பாலத்தில் இடப்பக்கம், வடகரைக்கு.” அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையில் இருந்த வரைபடத்தை மடித்தேன்.