பழைய டால்ஹவுஸ் கிட்: வெட்டைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிக்கும் முறை

பரணிலிருந்து இறக்கியதோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியதோ, பழைய மரப் பொம்மை வீடு ஒன்று கைக்கு வந்தால் உடனே துடைத்து, உப்புத்தாள் போட்டு, புது பெயின்ட் அடிக்கத்தான் கை பரபரக்கும். அதைச் செய்யாதீர்கள். எங்கே, எப்போது செய்த வீடு என்று சொல்லும் தடயம் முழுவதும் அந்த அழுக்கிலும் பழைய பெயின்டிலும்தான் இருக்கிறது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

முதல் நாள் வேலை ஒன்றுதான். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, வீட்டை அதன்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் புதிதாக மாவு போல் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே உயிருள்ள உளுப்பூச்சி இருக்கக்கூடும். அதை மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். வால்பேப்பர் ஓரம் ஒழுங்கில்லாமல் சுரண்டப்பட்டிருந்தால் அது ராமபாணப் பூச்சியின் வேலை. பசைக்காக வந்திருக்கும், மரத்தைத் தொடாது.

பிறகு அளவு. டார்ச், பூதக்கண்ணாடி, ஸ்கேல், தடிமனைத் துல்லியமாக அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் போதும். வாசல் கதவின் உயரத்தை எடுங்கள். சுமார் 17 செ.மீ. என்றால் 1:12 அளவு. நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். 12.5 செ.மீ. பக்கம் வந்தால் 1:16. 11 செ.மீ. பக்கம் என்றால் 1:18. ஸ்வீடனின் லுண்ட்பி வீடுகள் இந்த அளவு. 8.5 செ.மீ. என்றால் 1:24. விளையாட்டுக்கென்று செய்த வீடுகளில் கதவு கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் மாடிப்படியின் ஒரு படி உயரத்தையும் பாருங்கள்: 1:12இல் ஏறக்குறைய 15 மி.மீ., 1:24இல் 7 மி.மீ. அறைக்குள் இருக்கும் நாற்காலி, கட்டிலை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். கொலுவுக்குக் கொலு யாராவது ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். கிட் என்றால் கம்பெனி வெட்டிக் கொடுத்த பலகைத் துண்டுகள். அதை வாங்கியவர் பெயின்டை மாற்றலாம், வால்பேப்பரை மாற்றலாம், ஜன்னலைக்கூடப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம். 1:12 அளவில் ரெடிமேட் ஜன்னல்கள் தனியாகவே விற்கின்றன. வெட்டை மட்டும் அவரால் மாற்ற முடியாது. ஆகவே வெட்டிய விளிம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜன்னல் ஓட்டையின் உள்விளிம்பில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு முகத்தில் விளிம்பு லேசாக அமுங்கி, மறுமுகத்தில் சிராய் கிளம்பியிருந்தால் அது அச்சால் அழுத்தி வெட்டியது. அமெரிக்காவின் கிரீன்லீஃப் கிட்டுகள் இந்த ரகம்: எட்டில் ஒரு அங்குல பிளைவுட், ஒரு துண்டின் நாக்கு அடுத்த துண்டின் துளைக்குள் போய் உட்காரும். விளிம்பு பழுப்பாகக் கருகியிருந்தால் லேசர் வெட்டு. அது சமீபத்துச் சரக்கு, விற்பவர் எத்தனை தலைமுறைக் கதை சொன்னாலும் சரி. விளிம்பில் மெல்லிய நெட்டுக்கோடுகளும், ஓட்டையின் ஒரு மூலையில் சின்ன வட்டத் துளையின் மிச்சமும் தெரிந்தால், கையால் ஃப்ரெட் ரம்பம் போட்டு அறுத்தது. ரம்ப இழையை உள்ளே நுழைக்கத்தான் அந்தத் துளை. இங்கிலாந்தின் டெரெஹாம் ஊரிலிருந்த ஹாபிஸ் கம்பெனி 1895 முதல் வாரப் பத்திரிகை நடத்தி, அறுப்பதற்கான வரைபடத் தாள்களையும் கொடுத்துவந்தது. அப்படிப்பட்ட தாளை வைத்து நம்மூர் ஆசாரி அறுத்த வீடும் உண்டு. உடல் முழுக்கத் தேக்காக இருந்தால் அந்தச் சாத்தியத்தை முதலில் யோசியுங்கள். கிட் கம்பெனிகள் பொதுவாகத் தேக்கில் வெட்டுவதில்லை.

பலகையின் தடிமனும் பேசும். எட்டில் ஒரு அங்குலம் என்பது 3.2 மி.மீ.; எட்டில் மூன்று என்பது 9.5 மி.மீ. நம் கடையில் கிடைக்கும் பிளைவுட் 4, 6, 9, 12 என்று போகும். எல்லாச் சுவரும் 3.2 இருந்து கூரையின் ஒரு பக்கம் மட்டும் 4 காட்டினால், அந்தப் பக்கம் பிற்பாடு சென்னையில் போட்ட ஒட்டு. அதை வைத்துக் கிட்டைத் தேடினால் வழி தவறிவிடும். பழுது பார்க்கும்போதும் இதே கணக்கு: 3.2க்கு வெட்டிய துளையில் 4 மி.மீ. நாக்கு ஏறாது, தட்டினால் துளை பிளக்கும். நாக்கை மட்டும் இருபுறமும் தேய்த்து மெலிதாக்குங்கள். பழைய துளையை அகலப்படுத்தாதீர்கள்.

காலத்தைக் கணிக்க ஒரு விதி: வீட்டில் உள்ள பழைய பொருளைப் பிடித்துக்கொள்ளாமல், கழற்ற முடியாதபடி சேர்ந்திருக்கும் மிகப் புதிய பொருளைத் தேடுங்கள். வீடு அதற்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது. கூட்டல் குறித் தலையுள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை 1960களின் நடுவில். அலங்கார வேலைப்பாடு நிறைந்த விக்டோரியா பாணி வீடு என்பதாலேயே அது விக்டோரியா காலத்தது ஆகாது. அந்தப் பாணியில் கிட் விற்றது பெரும்பாலும் 1970, 80களில். நிஜமாகவே நூறு வயதான வீடுகள் வேறு மாதிரி இருக்கும்: அமெரிக்காவின் பிளிஸ், ஜெர்மனியின் காட்ஷால்க் போன்றவை மரத்தின்மேல் அச்சிட்ட காகிதம் ஒட்டியவை. செங்கல், ஜன்னல் சட்டம் எல்லாம் காகிதத்திலேயே அச்சாகியிருக்கும். இவை கிட் இல்லை, முழுதாகச் செய்து விற்றவை. பிரிட்டனின் ட்ரை-ஆங் வீடுகளும் அப்படியே. அதைச் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் 1919இல் தொடங்கி 1971இல் நொடித்தது.

பெட்டியோ செய்முறைத் தாளோ கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். காப்புரிமை எண் இருந்தால் இப்படிப் பாருங்கள்: அமெரிக்க எண் 20 லட்சத்தை 1935இலும், 30 லட்சத்தை 1961இலும், 40 லட்சத்தை 1976இலும், 50 லட்சத்தை 1991இலும் தொட்டது. ஒரே எண்ணைப் பல வருடம் அச்சிடுவார்கள், அதனால் அது கீழ் எல்லையை மட்டுமே தரும். அமெரிக்க முகவரியில் ஜிப் கோட் இருந்தால் 1963க்குப் பிறகு. பார்கோடு இருந்தால் 1974க்குப் பிறகு. பிரிட்டிஷ் விலை ஷில்லிங்கில் இருந்தால் பிப்ரவரி 1971க்கு முன். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில்.

நம் ஊர்த் தடயங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடை ஸ்டிக்கரில் அணா இருந்தால் ஏப்ரல் 1957க்கு முந்தியது; நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை. ‘மெட்ராஸ்-4’ என்ற பாணி முகவரி பழசு; 600004 என்று ஆறு இலக்கம் வந்தால் ஆகஸ்ட் 1972க்குப் பிறகு. அடியில் ஒட்டிய செய்தித்தாளையும் பிய்க்காமல் படியுங்கள். ‘தி இந்து’வின் முதல் பக்கம் முழுக்க விளம்பரமாக இருந்தால் அது ஜனவரி 1958க்கு முந்திய தாள். ஆனால் ஸ்டிக்கர் விற்ற காலத்தையும், தாள் ஒட்டிய காலத்தையும்தான் சொல்லும். வீடு அதைவிட மூத்ததாக இருக்கலாம். அடிப்பலகையில் வட்ட வட்டமாக நீர்க்கறை இருந்தால் பயப்பட வேண்டாம், கொலுப் பார்க்கில் கடுகோ ராகியோ முளைக்கவிட்ட அடையாளமாக இருக்கலாம். அந்த இடத்தில் பிளைவுட் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பிரிந்துவிட்டது.

தேடுவதற்குப் படம் எடுக்கும்போது முன்பக்க அழகை மட்டும் எடுத்தால் பயனில்லை. நான்கு பக்கமும் கண்மட்டத்தில் நேராக, கூரை மேலிருந்து, படிக்கட்டு, திறந்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு தளமும். கூடவே ஒரு தாளில் தள வரைபடம்: அறைகள் எத்தனை, படி எந்தச் சுவரை ஒட்டி ஏறுகிறது, ஜன்னல் ஓட்டைகளின் அகல உயரம். இணையத்தில் கிரீன்லீஃப், டூரா-கிராஃப்ட், ரியல் குட் டாய்ஸ் என்ற கிட் கம்பெனிப் பெயர்களோடு கூரை வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள். பொருத்திப் பார்க்கையில் ஜன்னல் எண்ணிக்கை, புகைபோக்கி, வராந்தா இவற்றைக் கடைசியில் வையுங்கள். வராந்தாவை இடம் மாற்றிக் கட்டியவர்கள், இடமும் வலமும் மாற்றிக் கோத்தவர்கள் ஏராளம். கூரைச் சரிவு, படியின் இடம், பயன்படுத்தாமல் விட்ட துளைகள் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

விளக்கு இருந்தால் ப்ளக்கைச் செருகும் முன் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் பாருங்கள். ‘120 வோல்ட்’ என்றிருந்தால் ப்ளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் கன்வெர்ட்டர் போட்டு நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது, புகைந்துவிடும். பல்புகள் 12 வோல்ட் என்றால் சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட், 1 ஆம்ப் அடாப்டர் வாங்கினால் போதும். இழை பல்பு ஒன்றுக்குச் சுமார் 60 மில்லி ஆம்ப் என்று வைத்து, 12 பல்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கோக்காமலே கிடைத்த கிட் என்றால் அவசரப்பட்டுத் துண்டுகளைப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பலகையையும் அப்படியே படமெடுத்து, துண்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் பிரவுன் தாளில் கோடு போட்டு நகலெடுத்து எண் எழுதுங்கள். பழைய பிளைவுட் பிரிக்கும்போதே உடைவது சகஜம். சிராய் கிளம்பிய பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்தி, ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தை பிளேடால் கீறி எடுங்கள். துண்டுகள் போன பின் மிஞ்சும் ஓட்டைச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: காணாமல் போன துண்டின் சரியான வடிவம் அதில்தான் இருக்கிறது.