கணக்குப் புதிர்களில் கால் வழுக்கும் இடங்கள்

வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகள்கூட ஒரு நல்ல கணக்குப் புதிரில் தடுமாறுகிறார்கள். கூட்டல் கழித்தல் தெரியாமல் அல்ல. பாடப்புத்தகத்தில் எந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும் என்பது பாடத்தின் தலைப்பிலேயே இருக்கும். புதிரில் வழியை நாமே தேட வேண்டும். "ஏன்" என்று கேட்காமல் விடையை நோக்கி ஓடும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

எளிய வகையிலிருந்து தொடங்கலாம். மட்டையும் பந்தும் சேர்த்து 110 ரூபாய். மட்டையின் விலை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? "பத்து" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பந்து 10 என்றால் மட்டை 110, மொத்தம் 120 ஆகிவிடுகிறது. சரியான விடை 5. இதேபோல, 30 அடிக் கிணற்றில் பகலில் 3 அடி ஏறி இரவில் 2 அடி சறுக்கும் நத்தை எத்தனையாவது நாளில் வெளியே வரும்? நாளுக்கு ஓர் அடி, ஆக 30 நாள் என்பார்கள். 27 நாள் முடிவில் அது 27 அடியில் இருக்கும். 28-ஆம் நாள் பகலிலேயே மேலே வந்துவிடும், அதற்குப் பிறகு சறுக்கல் ஏது? இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கிடைத்த விடையைத் திரும்பக் கேள்விக்குள் போட்டுப் பார்ப்பது. அரை நிமிட வேலை. ஆனால் பரீட்சை அவசரம் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிதில் வருவதில்லை.

சில புதிர்கள் நம்மைத் தவறான கணக்கைப் போட வைப்பதற்காகவே சொல்லப்படுகின்றன. மூன்று நண்பர்கள் ஓட்டலில் ஆளுக்குப் பத்தாக 30 ரூபாய் கொடுக்கிறார்கள். பில் 25 தான் என்று முதலாளி 5 ரூபாயைத் திருப்பி அனுப்ப, சர்வர் 2 ரூபாயை வைத்துக்கொண்டு ஆளுக்கு 1 ரூபாய் தருகிறார். ஆளுக்கு 9 வீதம் 27, சர்வரிடம் 2, மொத்தம் 29. மீதி ஒரு ரூபாய் எங்கே? எங்கும் போகவில்லை. அந்த 27-க்குள்ளேயே சர்வரின் 2 ரூபாய் இருக்கிறது: கல்லாவில் 25, அவரிடம் 2. உள்ளே இருப்பதை மறுபடி கூட்டச் சொன்னது புதிர் சொன்னவர்; நாம் ஏன் என்று கேட்காமல் கூட்டிவிட்டோம்.

இனி வருவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் நான்கைந்து எண்கள் ஒரு வரிசையில் வந்துவிட்டால், அந்த வரிசை கடைசி வரை அப்படியே போகும் என்று நம்புவது.

ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டு இணையுங்கள். வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு? எல்லாரும் 32 என்பார்கள். எண்ணிப் பார்த்தால் 31. அதிலும் ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால், நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்தித்து 30 தான் வரும். அப்படிச் சந்திக்காதபடி வைத்தால் 31.

இந்த இடத்தில் பிள்ளைகள் "எங்கேயோ எண்ணுவதில் தப்பு" என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது, சுவையே இங்குதான். ஒரு கோடு போட்டால் ஒரு பகுதி கூடும். அது ஏற்கெனவே இருக்கும் கோட்டை வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொரு பகுதி கூடும். ஆறு புள்ளிகளில் இரண்டிரண்டாகத் தேர்ந்தால் 15 கோடுகள். எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு உள்ளே ஒரே ஒரு வெட்டுப்புள்ளிதான். நான்கு நான்காகத் தேர்ந்தால் அதுவும் 15. தொடக்கத்தில் இருந்த ஒரு பகுதியோடு கூட்டினால் 1 + 15 + 15 = 31. ஐந்து புள்ளிக்கு 1 + 10 + 5 = 16. ஆக அது இரட்டிப்பாகும் வரிசையே இல்லை, கொஞ்ச தூரம் அதன் கூடவே நடந்தது, அவ்வளவுதான். ஏழு புள்ளிக்கு 57. பத்துப் புள்ளிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், ஒரு பழைய முகம் எதிரே வரும்.

ஆறாவது படியிலேயே குட்டு உடைந்ததால் இது பரவாயில்லை. 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் கவனித்த n² + n + 41 என்ற கோவையில் 0 முதல் 39 வரை எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்ணே வருகிறது. நாற்பது முறை! 40 போட்டதும் 1681, அதாவது 41 × 41.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பலமுறை முயன்றும் முடியவில்லை என்பதால் "முடியாது" என்று எழுதிவிடுவது. சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டால் மீதி 62. இரண்டு கட்டங்களை மறைக்கும் 31 அட்டைத் துண்டுகளால் இதை முழுதாக மூட முடியுமா? ஆயிரம் முறை அடுக்கித் தோற்றாலும் அது நிரூபணம் ஆகாது. நிறத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மறைக்கும். எதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம். மிஞ்சுவது ஒரு நிறத்தில் 32, மற்றதில் 30. முடியவே முடியாது, விஷயம் முடிந்தது. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து நடந்து வர முடியுமா என்ற புதிரை 1736-இல் ஆய்லர் தீர்த்ததும் இப்படித்தான். ஒரு நிலப்பகுதிக்குள் ஒரு பாலத்தால் வந்தால் இன்னொன்றால் வெளியேற வேண்டும். எனவே தொடங்கும் இடம், முடியும் இடம் தவிர மற்றவற்றில் பாலங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அங்கே நான்கு நிலப்பகுதிகளிலும் ஒற்றைப்படை.

விதியைப் பாதி படிப்பதையும் சொல்ல வேண்டும். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்ட 6174 விளையாட்டு பலருக்குத் தெரியும்: எல்லா இலக்கமும் ஒரே எண்ணாக இல்லாத நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். 1000-ஐ எடுத்தால் முதல் படியில் 0999. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டால் 999 – 999 = 0, ஆட்டம் அங்கேயே அவுட். பூஜ்யத்தை வைத்துக்கொண்டால் 8991, 8082, 8532, அப்புறம் 6174.

பெரியவர்கள் செய்யும் தவறு, பிள்ளை ஐந்து நிமிடம் திணறியதும் விடையைச் சொல்லிவிடுவது. அதைவிட "சின்ன எண்ணில் போட்டுப் பாரேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு விடை வந்ததும் நோட்டை மூடிவிடுவது. 1914-இல் கேம்பிரிட்ஜில், பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை ராமானுஜனிடம் வாசித்தார். ஒரு தெருவில் 1 முதல் வரிசையாக வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கும் 500-க்கும் இடையில். மகலனோபிஸ் சில நிமிடங்களில் விடையைக் கண்டுபிடித்திருந்தார்: 288 வீடுகள், 204-ஆம் வீடு. சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன், அடுப்படியில் நின்றபடியே, 50, 500 என்ற வரம்பை விட்டால் கிடைக்கும் எல்லா விடைகளையும் தரும் ஒரு தொடர் பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீளும் கோவையை) சொன்னார்.

தொடர் பின்னம் தெரியாத பிள்ளைகளும் இதில் கொஞ்ச தூரம் போகலாம். 8 வீடு இருந்தால் 6-ஆம் வீடு: 1 + 2 + 3 + 4 + 5 = 15, 7 + 8 = 15. 49 வீட்டுக்கு 35, 288-க்கு 204, 1681-க்கு 1189. இந்த 6, 35, 204, 1189 என்ற எண்களில் அடுத்தடுத்த இரண்டு தெரிந்தால் அதற்கு அடுத்ததைச் சொல்ல ஓர் எளிய வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கையோடு, அது ஐந்தாவது எண்ணுக்கும் ஏன் செல்லும் என்று காட்ட முயலுங்கள்.